மணலுக்கு மேலே நிலக்கரி எதற்கு?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை மணல் வடிகட்டி வழியாகவே மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். மணல் அடிக்கடி அடைத்துக்கொள்வதால், அதன்மேல் ஆந்த்ரசைட் நிலக்கரி போடலாம் என்கிறார் பராமரிப்பாளர். நிலக்கரியால் நீர் கெடாதா? ஆர்.ஓ. கருவியில் உள்ள கார்பனும் இதுவும் ஒன்றா?
– வாசகி, திருச்சி

பதில்: பராமரிப்பாளரின் யோசனை சரியானதே. மணல் மட்டும் உள்ள வடிகட்டியைக் கீழிருந்து நீர் பாய்ச்சி அலசும்போது, மேலெழுந்த மணிகள் மீண்டும் படிகையில் பருமனானவை அடியிலும் நுண்ணியவை மேலுமாக அமைந்துவிடுகின்றன. அதனால் அழுக்கு முழுவதும் மேற்பரப்பின் சில சென்டிமீட்டருக்குள்ளேயே சிக்கிக்கொள்ள, அடியிலுள்ள மணல் வேலையின்றிக் கிடக்கிறது. ஆந்த்ரசைட்டின் ஒப்படர்த்தி (அதே கனஅளவு நீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பது) ஏறத்தாழ 1.4 முதல் 1.7 வரை, மணலுக்கோ 2.65. ஆகவே சுமார் 1 மில்லிமீட்டர் பருமனுள்ள நிலக்கரி மணிகள், அதில் பாதியளவே உள்ள மணல் மணிகளுக்கு மேலே ஒவ்வொரு முறையும் வந்து படிகின்றன. இரண்டையும் ஒரு கண்ணாடிக் குவளை நீரில் கலக்கிவிட்டுப் பாருங்கள்: மணல் முந்தி இறங்கும், கரி பின்தங்கி மேலே அமரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சற்றே கலந்திருப்பது குறையன்று. அழுக்கின் பெரும்பகுதி நிலக்கரியின் அகன்ற இடைவெளிகளில் ஆழம்வரை தங்கிவிட, எஞ்சியதை மணல் பிடித்துக்கொள்ளும்.

நீர் கெடுமோ என்று அஞ்ச வேண்டாம். நிலக்கரி வகைகளில் மிகக் கடினமானதும் நீரில் கரையாததுமான ஆந்த்ரசைட், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலும் அடுப்புக்கரி போல அப்பாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வெட்டியெடுக்கப்படும் ஆந்த்ரசைட் குடிநீர் நிலையங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. புதிதாக நிரப்பியதும் தூளின் காரணமாக அலசும் நீர் கறுத்து வரும். தெளியும்வரை அதை வெளியேற்றிவிட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை யாரேனும் தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்; மென்மையான அது நொறுங்கிவிடும்.

ஆர்.ஓ. கருவியில் இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன். அது தன் நுண்துளைகளால் குளோரினையும் வாடையையும் நீக்கும். ஆந்த்ரசைட் வடிப்பது நீரில் மிதக்கும் துகள்களை மட்டுமே. உப்பையோ கடினத்தன்மையையோ அது குறைக்காது. கரைந்த இரும்புகூட, காற்றோட்டத்தால் துருத்துகளாக மாறிய பிறகுதான் அதில் சிக்கும். கிருமிகளுக்குக் குளோரின் இட்டே தீர வேண்டும்.

இருக்கும் மணலின் மீதே கரியைக் கொட்டிவிடாதீர்கள். அலசும்போது படுகை உப்பி எழ மேலே இடம் வேண்டுமாதலால், மணலில் ஒரு பகுதியை அகற்றிவிட்டே நிரப்பச் சொல்லுங்கள். அலசிய நீர் வெளியேறும் குழாயின் வாயில் ஒரு மெல்லிய துணியைப் பிடித்துப் பாருங்கள். முதல் அலசல்கள் முடிந்த பின்னும் கறுப்பு மணிகள் தங்கினால், நீரின் வேகத்தைக் குறைக்க வேண்டும்.