எந்த லினக்ஸ் போடலாம்? முதலில் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள்

கேள்வி: என் லேப்டாப்பில் ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050. விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. லினக்ஸுக்கு மாறலாமென்றால் ஒருவர் உபுண்டு என்கிறார், இன்னொருவர் ஆர்ச், மற்றொருவர் மின்ட். பிரவுசிங், ஆபீஸ் ஃபைல்கள், கொஞ்சம் கேம், இவ்வளவுதான் வேலை. எதைப் போடுவது?

பதில்: லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. காரணம் தெரிந்துகொண்டால் நாளைக்கு வேறு மெஷின் வாங்கும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

டிஸ்ட்ரோ (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகை) தேடுபவர்கள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். தீம், ஐகான், டாக் எல்லாம் எதில் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது அதன் அப்டேட் வேகம்: கர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவரும் (கார்டு போன்ற வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எத்தனை நாளுக்கு ஒருமுறை புதிதாகின்றன, ஒரு பதிப்புக்கு எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பது. ஆசையாகப் போட்டுவிட்டுச் சில மாதங்களில் தலைதெறிக்க ஓடுகிறவர்கள் பலர் இடறுவது இதில்தான்.

உங்கள் கார்டையே எடுத்துக்கொள்வோம். ஜிடிஎக்ஸ் 1050 பாஸ்கல் குடும்பம். என்விடியா டிரைவரில் இந்தக் குடும்பத்துக்குக் கடைசி வரிசை 580. 590-இல் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. ஆர்ச்சில் பதிப்பு என்ற ஒன்றே இல்லை, வெளியானது உடனுக்குடன் வந்து சேரும். 2025 இறுதியில் 590 அங்கே வந்தபோது, அறிவிப்பைப் படிக்காமல் அப்டேட் கொடுத்த பாஸ்கல்காரர்களுக்கு வரைகலைத் திரையே வராமல் போகும் நிலை. 580-ஐத் தனியாக ஏயூஆரிலிருந்து (ஆர்ச் பயனர்களே பராமரிக்கும் களஞ்சியம்) போட்டுக்கொள்ள வேண்டும். ஆர்ச்சில் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. அப்டேட்டுக்கு முன் அறிவிப்பைப் படிப்பது அங்கே பயனரின் பொறுப்பு. அது உங்களுக்குப் பிடித்த வேலையா என்பதுதான் கேள்வி.

மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை அப்டேட் உண்டு. 580 டிரைவர் அதன் டிரைவர் மேனேஜரிலேயே கிடைக்கும். பெயரில் 'ஓபன்' என்று இருக்கும் வகையைத் தொடாதீர்கள். அது டூரிங் குடும்பத்துக்கும் (பாஸ்கலுக்குப் பின் வந்தது) அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் ஆனது.

உபுண்டுவும் மோசமில்லை. பலர் அதைத் தவிர்ப்பது ஸ்னாப் என்ற அதன் மென்பொருள் தொகுப்பு முறையால். அங்கே ஆப்ட் (வழக்கமான நிறுவல் கட்டளை) வழியாக ஃபயர்ஃபாக்ஸ் கேட்டாலும் ஸ்னாப்தான் வந்து உட்காரும், முதல் தடவை திறக்கச் சற்றுத் தாமதிக்கும். எஸ்எஸ்டியில் இது பெரிதாகத் தெரியாது. உங்கள் லேப்டாப்பில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் என்றால், டிஸ்ட்ரோவைப் பற்றி யோசிப்பதற்கு முன் எஸ்எஸ்டி மாற்றுங்கள். எந்த டிஸ்ட்ரோவும் தராத வேகம் அதில் கிடைக்கும். ஃபெடோராவில் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம்தான் ஆயுள், என்விடியா டிரைவருக்கு ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைத் தனியே சேர்க்க வேண்டும். டெபியன் ஸ்டேபிள் பழைய மெஷினுக்கு உத்தமம்; நேற்று வெளியான லேப்டாப்பில் போட்டால் கர்னல் பழசு என்பதால் வைஃபை சிப்பையே கண்டுகொள்ளாமல் போகலாம்.

நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். திரை கறுப்பாக நின்றுவிட்டால் பூட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' தேர்ந்தெடுங்கள். வைஃபை, ஒலி, வெளி மானிட்டர் பார்த்தாயிற்றா? மூடியை மூடித் திறந்தும் பாருங்கள். தூங்கப்போன லேப்டாப் எழுந்திருக்காமல் போவது லினக்ஸில் அடிக்கடி கேட்கும் புகார், அதைச் சோதிப்பவர்களோ குறைவு. லைவில் தடுமாறினால் உடனே கைவிட வேண்டாம். டிரைவர் போட்டபின் இன்னொரு முறை பாருங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவை லினக்ஸ் படிக்கும், எழுத விடாது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) இயக்கத்தில் இருந்தால் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லையா? பயாஸில் சாட்டா மோட் (டிஸ்க் இணைக்கப்படும் முறை) 'ரெய்ட்' என்றோ 'ஆர்எஸ்டி' என்றோ இருக்கலாம், 'ஏஹெச்சிஐ' ஆக வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸைச் சேஃப் மோடுக்கு அமைத்துவிட்டு மாற்றுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாததைப் பூட்டின்போது தடுக்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருக்கும்போது மல்டிமீடியா கோடெக்குகளை (ஆடியோ, வீடியோ ஓடத் தேவையானவை) டிக் செய்தால் இன்ஸ்டாலர் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த பூட்டில் ஒரு நீலத் திரை வரும். அங்கே 'என்ரோல் மாக்' (டிரைவரின் கையொப்பச் சாவியை ஏற்கும் தேர்வு) கொடுத்து அதே பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் அது சில நொடிகளில் தானாகக் கடந்துவிடும். அப்புறம் என்விடியா டிரைவர் நிறுவியும் வேலை செய்யாது, பழி மின்ட்டின் தலையில் விழும்.

கேம் விஷயத்தில் மட்டும் ஒரு தயக்கம். ஸ்டீமின் புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஏராளமான கேம்கள் ஓடுகின்றன. வாலரன்ட் போல கர்னல் அளவில் ஆன்டி-சீட் (ஏமாற்றுத் தடுப்பு) வைத்திருப்பவற்றில் பல ஓடாது. அப்படி ஒன்றை ஆடுகிறீர்கள் என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள்.