அம்மாவின் மருந்துக் காசு எந்தக் கட்சி?

கேள்வி: முப்பத்தைந்து வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறேன். 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணம் திசைகாட்டிக்கு, அதுதான் ஜனாதிபதி அனுரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அதைவிடக் கொடுமை, என் தங்கையின் மகனே அதற்குப் புள்ளடி போட்டிருக்கிறான். 24 வயது. "ஓம் மாமா, போட்டேன்" என்று தொலைபேசியில் கூசாமல் சொல்கிறான். என் அண்ணன் எப்படிச் செத்தார் என்பது அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர்களோடு பேசவில்லை. வழமையாகப் பதினைந்தாம் திகதி போடும் அம்மாவின் மருந்துக் காசும் இன்னும் போடவில்லை. அவர்களுக்கும் கொஞ்சம் விளங்கட்டும். இந்தத் தலைமுறைக்கு எங்கள் வரலாற்றை எப்படி விளங்கப்படுத்துவது?
- ஒரு மாமா, கனடா

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் ஆறு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். ஐந்தே முக்கால் பக்கம் அரசியல். இதே கடிதம் இந்த மூன்று வாரத்தில் எனக்கு லண்டனில் இருந்தும் பாரிஸில் இருந்தும் வந்துவிட்டது. மருமகனுக்குப் பதில் ஒருவருக்குத் தம்பி, இன்னொருவருக்குப் பெறாமகள். உங்கள் கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. நான்காம் பக்கத்தின் அடியில், மார்ஜினுக்குப் பக்கத்தில், பேனா ஓடிய ஓட்டத்தில் எழுதிய வரி: அம்மாவின் மருந்துக் காசு.

மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் விட்டிருப்பேன். கையில் இல்லை என்றிருந்தால் அனுதாபப்பட்டிருப்பேன். "அவர்களுக்கும் கொஞ்சம் விளங்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்தல் முடிவு வந்தது நவம்பர் 15. நீங்கள் காசு போடும் நாளும் அதுதான். கடிதத்தில் திகதி டிசம்பர் 4. பத்தொன்பது நாள். அம்மாவுக்கு 84 வயது, சலரோகம், பிரஷர் இரண்டும் உண்டு என்று முதல் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது நாளில் ஒரு மருந்துப் பெட்டியில் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

இங்கே ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம் என்று சொல்லாதீர்கள். 2022 இல் நாடு வங்குரோத்தான பிறகு, கிளினிக்கில் "இது இல்லை, வெளியே வாங்குங்கோ" என்று துண்டு எழுதித் தருவது எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தத் துண்டோடு பார்மசி வாசலில் போய் நிற்பது யார்? மூன்றாம் பக்கத்தில் அதுவும் இருக்கிறது, வேறொரு குறை சொல்லும்போது: "அவன்தான் அம்மாவை மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்கு ஏற்றிப் போகிறவன், அந்தத் திமிர்." விடிய நாலு மணிக்கு எழும்பி, முதல் இலக்கம் எடுக்கப் போய் வரிசையில் நின்று, திரும்பி வந்து கிழவியைப் பின்னால் ஏற்றி, விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்குத் திமிர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நானும் திசைகாட்டிக்குப் போடவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2005 இல், சுனாமி நிவாரணத்தைப் புலிகளோடு சேர்ந்து பகிரும் பொதுக் கட்டமைப்பைப் பொறுக்காமல், திசைகாட்டியின் தாய்க் கட்சியான ஜே.வி.பி. அரசாங்கத்தை விட்டு வெளியேறியதும், அடுத்த வருடம் வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. உங்கள் கோபத்தில் பிழை இல்லை.

ஆனால் கணக்கையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்குப் போனது. கிடைத்த வாக்கோ சுமார் நான்கில் ஒரு பங்குதான். முதலாவதாக வருகிற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. மிச்ச வாக்கை நாற்பதுக்கும் மேற்பட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பிய்த்துக்கொண்டன. செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வீட்டுச் சின்னக்காரர்களான தமிழரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவர் சஜித் பிரேமதாசவுக்குப் போடுங்கள் என்றார், மற்றவர் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு என்றார். வீட்டுக்காரர்களே நீதிமன்றத்தில் நிற்கும்போது அந்த வீட்டுக்குள் யார் வந்து குடியிருப்பது? அனுரவுக்குச் செப்டம்பரில் இங்கே கிடைத்த இருபத்தேழாயிரம் வாக்கு நவம்பரில் எண்பதாயிரமானதற்கு உங்கள் மருமகன் மட்டும் பொறுப்பில்லை. இதைப் பற்றி இவ்வளவு போதும். மருந்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் வட்டுக்கோட்டைத் தொகுதி. 1970 இல் எனக்கு 19 வயது. அப்பா வீடு, சித்தப்பா தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள். வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் தோற்பார் என்று ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை. தோற்றார்; காங்கிரஸ் தியாகராஜா வென்றார். அன்று பின்னேரம் சித்தப்பா பங்குக் கிணற்றடியில் நின்று வெடி கொளுத்தினார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை கிணற்றுக்கு நடுவால் கிடுகு வேலி வந்தது. கிணற்றுக்கு மேலே வேலி, கீழே தண்ணீர் ஒன்று. புகையிலைக்கு இறைக்கிற முறைநாளில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் துலா மிதித்தார்கள்.

ஆச்சி சித்தப்பா வீட்டில் இருந்தார். அவருக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுப்பது மூத்த மகனான அப்பாவின் முறை. சனிக்கிழமை தோறும் சங்கானைச் சந்தையிலிருந்து வரும். அதை நிறுத்தினார் அப்பா. அவரும் கிட்டத்தட்ட நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார்: "அவனுக்கு விளங்கட்டும்." சித்தப்பாவுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. ஆச்சி ஏழு மாதம் வெறும் வாயோடு திண்ணையில் இருந்தார். சுண்ணாம்புக் கரண்டகத்தைத் திறந்து பார்ப்பார், மூடுவார். தைப்பொங்கலுக்கு அப்பா மனம் இளகி ஒரு கட்டு வெற்றிலையோடு போனார். "பழக்கம் விட்டுப்போய்விட்டது மோனை, நீ கொண்டுபோ" என்றார் ஆச்சி. அப்பா அந்தக் கட்டோடு திரும்பி வந்து படலையடியில் நின்றதை நான் பார்த்தேன்.

1972 இல் வீட்டுக்காரரும் சைக்கிள்காரரும் கூட்டணி என்று ஒரே மேடையில் ஏறினார்கள். 1976 இல் அதே தொகுதியில், பண்ணாகத்தில், கைகோத்துத் தனிநாட்டுத் தீர்மானமும் போட்டார்கள். கூட்டத்துக்கு அப்பாவும் போனார், சித்தப்பாவும் போனார், இரண்டு சைக்கிளில், இரண்டு ஒழுங்கையால். ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டார்.

உங்கள் அம்மா யாருக்குப் புள்ளடி போட்டார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அவரையும் அந்தப் பையன்தான் வாக்குச்சாவடிக்கு ஏற்றிப் போயிருப்பான். பேரன் சொன்னதற்கே அவரும் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள், பனடோலையும் நிறுத்துவீர்களா? தயவுசெய்து கேட்க வேண்டாம்.

பெற்றவளுக்குச் செய்வது கடமை என்று நினைக்கிற பழைய ஆள் நான். அதற்கு நிபந்தனை வைக்கிறவரை மகன் என்று என் வாயால் சொல்ல வராது. நீங்கள் கட்டிக் கொடுத்த வீடு, போட்ட ஓடு, தங்கைக்குக் கொடுத்த சீதனம் எல்லாவற்றையும் இரண்டாம் பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அந்தக் கணக்கில் வாக்குச் சீட்டும் சேரும் என்று அப்போது யாருக்காவது சொன்னீர்களா?

அவன் உங்களிடம் பொய் சொல்லியிருக்கலாம். "வீட்டுக்குத்தான் மாமா" என்றிருந்தால் உங்களுக்கும் நிம்மதி, காசும் பதினைந்தாம் திகதியே வந்திருக்கும். இங்கே எத்தனையோ பிள்ளைகள் வெளிநாட்டு மாமாமாருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். இவன் உண்மையைச் சொன்னான், அதற்கான விலையைக் கிழவி கட்டுகிறார்.

இதை வாசித்து முடித்த கையோடு காசை அனுப்புங்கள். தங்கையின் பெயருக்கு மாற்ற வேண்டாம், வழமைபோல அவன் பெயருக்கே அனுப்புங்கள். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து. அனுப்பிவிட்டு அவனுக்கே அழைப்பு எடுங்கள். தேர்தல் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். எந்த மருந்து முடிந்தது, எத்தனை நாள் இல்லாமல் இருந்தார் என்று கேளுங்கள், சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். பொங்கலுக்குள் மறுபடி பேசும்போது வரலாறு சொல்லலாம். வடக்கு கிழக்கைப் பிரித்த தீர்ப்பு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. யாராவது இருத்தி வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். 2022 இல் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதை அவன் உங்களுக்குச் சொல்வான். சண்டை வந்தால் வரட்டும், தாய்மாமனோடு சண்டை பிடிக்க மருமகனுக்கு உரிமை உண்டு.

அடுத்த கிளினிக் எத்தனையாம் திகதி என்று மட்டும் மறக்காமல் கேட்டு எழுதி வையுங்கள்.