கல்லடியில் நிலவெப்பப் பம்பு வேண்டுமா?

தம்பி, கனடாவில் அண்ணன் வீட்டில் பார்த்த நிலவெப்பப் பம்பை (நிலத்துக்குள் குழாய் இறக்கி, மண்ணுக்கும் வீட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் கருவி) மட்டக்களப்புக் கல்லடி வீட்டுக்கும் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். அங்கே பனிக்காலத்தில் வெளியே மைனஸ் 20 பாகை என்றாலும், ஆழத்தில் மண் 8, 10 பாகையில் நிற்கும். அதனால்தான் ஒரு அலகு கரண்டுக்கு 3, 4 அலகு வெப்பம் கிடைக்கிறது. நிலத்தைத் துளைக்கும் செலவுதான் அங்கேயும் ஆளை விழுங்கும்.

நமக்கு வேண்டியதோ குளிர்ச்சி; வீட்டு வெப்பத்தை மண்ணுக்குள் தள்ள வேண்டும். நம் மண்ணோ ஆழத்திலும் 28 பாகைக்குக் கிட்ட. பகல் வெயிலோடு பெரிய வித்தியாசமில்லை. அப்புறம், வருடம் முழுக்க வெப்பத்தை மண்ணுக்குள் தள்ளினால், அதைத் திருப்பி எடுக்க இங்கே பனிக்காலம் ஏது? கிணற்று நீரைச் சுழற்றலாம் என்றால், வாவிப் பக்கத்து உவர் நீர் உலோகத்தை அரிக்கும்.

இன்வேட்டர் ஏசி போடுங்கள். அதற்கு முதல் கூரைக்குக் கீழே வெப்பத்தடுப்புத் தாள் அடியுங்கள்.