மஞ்சப்பையில் இருந்த மூன்று சீட்டுகள்

மகளின் படிப்பைப் பற்றிக் கேட்கப் போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இது. அவசரமாகக் கிளம்பிவிட்டீர்கள், பாதிப் பேச்சு மிச்சமிருக்கிறது.

"நீட்டுல கிடைக்கல, சரி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடிச்சுட்டு பேங்க் பரீட்சை எழுதுவான்னு பார்த்தா, இன்சூரன்ஸ் பில்லை வச்சு குழந்தைங்களோட இருதய, நுரையீரல் வைத்தியத்தை ஆராயப் போறேங்குறா. பில்லுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டீர்கள்.

பதில் உங்கள் பையிலேயே இருந்தது. பெரியாஸ்பத்திரியில் காட்டுவதற்காகத் தம்பி மகனின் ஃபைலை எடுத்து வந்திருந்தீர்கள் அல்லவா? அதில் மூன்று சீட்டு பார்த்தேன். முதலாவது, நிமோனியாவுக்கு நர்சிங் ஹோமில் பணம் கட்டிய ரசீது. இரண்டாவதும் நிமோனியா, ஆனால் காப்பீட்டு அட்டையில். மூன்றாவது, இருதய ஓட்டையை அடைத்த ஆபரேஷன்.

கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால் ரத்தம் நுரையீரலுக்கு அளவு மீறிப் பாயும். நெஞ்சுச்சளி திரும்பத் திரும்ப வரும். ஆனால் பில்லில் ஒவ்வொரு நோய்க்கும் போடும் குறியீட்டில் நிமோனியா ஜே18, அந்த ஓட்டை க்யூ21.0. இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று அட்டை எண்ணை வைத்து ஒருவர் கோர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இப்படி எத்தனை பிள்ளைகள் ஓட்டை தெரியுமுன் இரண்டு மூன்று தடவை அட்மிட் ஆனார்கள்? உங்கள் பாப்பா கேட்க நினைப்பது இந்த மாதிரிக் கேள்வியைத்தான். நம் மாநிலக் காப்பீடு 2009-ல் தொடங்கியது, 2018-ல் மத்தியத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அத்தனை வருடக் கணக்கும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டியது.

ஆனால் பில்லை அப்படியே நம்பினால் ஏமாறுவோம். அந்த முதல் ரசீது காப்பீட்டுக் கணக்கில் இருக்கவே இருக்காது. மெடிக்கலில் வாங்கிய இன்ஹேலரும் அப்படித்தான். க்யூ21.1 என்ற குறியீட்டை எடுங்கள். மேலறைகளுக்கு இடையிலான ஓட்டையோடு, பெரியவர்களிலேயே நாலில் ஒருவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கும் சின்னத் திறப்பும் அதற்குள் அடங்கும். கண்ணை மூடி எண்ணினால் நல்ல பிள்ளையெல்லாம் இருதய நோயாளி. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டுக் கணக்கில் பிறந்த குழந்தையின் பில் சில நேரம் தாயின் எண்ணிலேயே ஏறிவிடும். இந்தச் சிக்கையெல்லாம் பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. கம்ப்யூட்டரில் சராசரி போடுவதற்கு ஆள் தேவையில்லை.

மெடிக்கல் கோடிங் வேறு, இது வேறு. காளவாசல் பக்கம் போஸ்டர் பார்த்துவிட்டு கோர்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். கோடிங் என்பது பில்லுக்குக் குறியீடு போடுவது. ஒரு வருடம் வேலையாகக் கிடைத்தால் குறியீடு மனப்பாடமாகும், அந்த அளவுக்கு நல்லது. பாப்பாவுக்கு வேண்டியது எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவத்துக்கான புள்ளியியல். வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறது. நுழைவுத் தேர்வு விவரத்தை அவர்கள் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் மாதிரி இடங்களில் ப்ராஜெக்ட் வேலைக்கு முயலலாம். ஒளிக்காமல் சொல்கிறேன்: அவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள்.

இப்போதைக்கு கணக்கைத் தேடி எடுக்கும் எஸ்.க்யூ.எல்., அதை ஆராயும் ஆர் என்ற இரண்டு கம்ப்யூட்டர் மொழிகளையும் பழகட்டும். அமெரிக்க அரசு மெடிகேர் காப்பீட்டுக்கென ஒரு செயற்கைத் தரவை (நிஜ நோயாளிகளுடையது அல்லாத மாதிரிக் கணக்கை) இலவசமாகவே தந்திருக்கிறது. முதியோர் கணக்கு, இருந்தாலும் கை பழக அது போதும். ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்ட்டரில் தெரிந்த பையன் இருக்கிறான், அவனிடம் ஃபைலை வாங்கிவிடலாம் என்றீர்களே, அது மட்டும் வேண்டாம். ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, பேர் நீக்கிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். 2023-ல் தனிநபர் தரவுக்குச் சட்டமே வந்துவிட்டது.

பேங்க் பரீட்சையை நான் தடுக்கவில்லை. ஃபார்ம் வந்தால் போடட்டும். அடுத்த தடவை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள், அந்த நர்சிங் ஹோம் ரசீதையும்தான். கணக்கில் ஏறாத அந்தச் சீட்டை என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்க வேண்டும்.