குளோத்தாரின் குடும்பம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட ஃபிராங்க் மன்னன் முதலாம் குளோத்தார் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவனுக்கு உண்மையில் எத்தனை மனைவிகள்? ஒரு இடத்தில் ஐந்து என்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஆறு, ஏழு. எந்த வரிசையில் கட்டினான் என்றும் குழப்பமாக இருக்கிறது. அப்புறம், கட்டுரை முழுக்க உங்கள் கோபம் தெரிகிறது. ஆறாம் நூற்றாண்டு மனிதனை இன்றைய நியாயத்தால் எடைபோடலாமா? அண்ணன் பிள்ளைகளைக் கொன்றதும் மனைவியின் தங்கையையே கட்டிக்கொண்டதும் அன்றைக்குச் சாதாரணம்தானே? அக்கா தங்கை இருவரும் சம்மதித்துத்தானே இருந்திருக்கிறார்கள்? அந்தக் காலம் அப்படி. பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதியிருக்கலாம். சார்லமேன் பற்றி எப்போது எழுதுவீர்கள்?

அன்புடன்,
ஒரு வரலாற்று மாணவன்

அன்புள்ள தம்பி,

குந்தெயுக்கா, ராடெகுண்டா, இங்குண்டா, அரெகுண்டா, சுன்சினா, வால்ட்ராடா என்று ஆறு பெயர்கள் கிடைக்கின்றன. இவர்களில் யார் முறைப்படி ராணி, யார் சும்மா சேர்த்துக்கொள்ளப்பட்டவள் என்பதில் அறிஞர்களுக்குள் தீராத சண்டை. எண்ணிக்கை மாறுவதும் வரிசை குழம்புவதும் அதனால்தான். உச்சரிப்பை விடுங்கள். சார்லமேன் வேறு வம்சம், இருநூறு வருஷம் பிந்தியவர், அவரைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய.

"அந்தக் காலம் அப்படி" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கொஞ்ச நாளாகவே அந்த வாக்கியத்தோடு மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் குளோத்தார் மட்டுமா இருந்தான்? அவன் அண்ணன் குளோதோமேர் 524-ல் அண்டை ராஜ்யமான பர்கண்டியரோடு நடந்த போரில் செத்துப்போனான். மூன்று சின்னப் பையன்கள். பாட்டி குளோத்தில்தா அவர்களைத் தன்னோடு வைத்து வளர்த்தாள். தகப்பன் ராஜ்யத்தை எல்லா மகன்களுக்கும் பங்கு பிரிப்பது அவர்கள் வழக்கம், ஆகவே இந்தப் பையன்கள் வளர்ந்தால் பங்கு கேட்பார்கள். சித்தப்பாக்கள் சில்டபெர்ட்டும் குளோத்தாரும், "பிள்ளைகளை அனுப்புங்கள், பட்டம் கட்டப்போகிறோம்" என்று சொல்லியனுப்பினார்கள். பாட்டி சந்தோஷமாகச் சாப்பிட வைத்து அனுப்பினாள். பிறகு ஒரு தூதன் அவளிடம் ஒரு கத்தரிக்கோலும் உருவிய வாளுமாக வந்து நின்றான். நீண்ட தலைமுடி அந்த வம்சத்தில் அரசுரிமையின் அடையாளம். முடியை வெட்டவா, தலையை வெட்டவா என்று கேள்வி. அவள் துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல், அரசாளப்போவதில்லை என்றால் முடியிழந்து பார்ப்பதைவிடச் செத்துப் பார்ப்பதே மேல் என்று சொல்லிவிட்டாள்.

பெரியவனுக்குப் பத்து வயது. குளோத்தார் கையைப் பிடித்துத் தரையில் தள்ளி அக்குளில் கத்தியை இறக்கினான். ஏழு வயசுக்காரன் ஓடிப்போய் சில்டபெர்ட்டின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னைக் காப்பாற்று என்று கெஞ்சினான். இங்கேதான் தம்பி நீங்கள் நின்று படித்திருக்க வேண்டும். சில்டபெர்ட் அழுதான். திட்டம் போட்டதில் பாதி அவனுடையது, அதே ரத்தம், அதே நூற்றாண்டு, அவனே கண்ணீரோடு "இவன் உயிரை எனக்குக் கொடு, என்ன விலை கேட்டாலும் தருகிறேன்" என்று தம்பியிடம் கேட்டான். இது சாதாரணமென்றால் அவனுக்கு ஏன் அழுகை வந்தது? குளோத்தார், "அவனைத் தள்ளிவிடு, இல்லாவிட்டால் அவனுக்குப் பதில் நீ சாவாய்" என்றான். சில்டபெர்ட் தள்ளிவிட்டான். மூன்றாமவன் தப்பித்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான், பாரிஸ் பக்கத்தில் சேன் குளூ என்ற ஊர் அவன் பெயரில் இருக்கிறது. இதையெல்லாம் எழுதிவைத்த தூர் நகரத்து ஆயர் கிரிகோரியும் அதே ஆறாம் நூற்றாண்டுக்காரர்தான். பத்து வயது, ஏழு வயது என்று வயசைக் குறித்துவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே.

சரி, சம்மதத்துக்கு வருவோம். இங்குண்டா தன் தங்கை அரெகுண்டாவுக்கு நல்ல வசதியான மாப்பிள்ளை பார்த்துத் தரும்படி புருஷனைக் கேட்டாள். அவன் போய் அந்தப் பெண்ணைத் தானே கட்டிக்கொண்டு வந்து, "என்னைவிடப் பொருத்தமானவன் யாரும் கிடைக்கவில்லை" என்றான். இங்குண்டா, உங்கள் விருப்பப்படி ஆகட்டும், உங்கள் அன்பு மட்டும் இந்த அடிமைக்கு இருக்கட்டும் என்றாள். இதையா சம்மதம் என்கிறீர்கள்? தன் இடம் பறிபோகாமல் இருக்க ஒருத்தி கையேந்துகிறாள். தங்கையின் சம்மதத்தை எங்கே படித்தீர்கள்? அவள் வாய்திறந்து பேசியதாக கிரிகோரி ஒரு வரிகூட எழுதவில்லை. அவளுடையது என்று கருதப்படும் கல்லறை 1959-ல் சேன் தெனி தேவாலயத்தில் கிடைத்தது, பெயர் பொறித்த தங்க மோதிரத்தோடு. மோதிரம் இருக்கிறது, பேச்சு இல்லை.

எனக்குப் பெரியம்மா முறை ஒருத்தர். பிள்ளை இல்லை என்று அவர் தங்கையையே அவர் புருஷனுக்கு இரண்டாவதாகக் கட்டி வைத்தார்கள். ஊரில் எல்லோரும் "அக்கா தங்கச்சி எவ்வளவு ஒத்துமை, அந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம்" என்றே சொல்லி வளர்ந்தேன் நான். வயதான பிறகு ஒருநாள் முறத்தில் அரிசி புடைத்தபடி, நான் கேட்காமலே சொன்னார்: "என்னையும் கேட்டாங்கடி. சரின்னேன். மாட்டேன்னா எங்க போறது?" கல்லைப் பொறுக்கி வாசல் பக்கம் எறிந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இங்குண்டாவின் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. நீங்கள் நல்ல மனசுக்காரர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

மாட்டேன் என்றவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். செத்த உறவினன் தெயுதெபால்டின் விதவை வால்ட்ராடாவைக் குளோத்தார் சேர்த்துக்கொண்டபோது ஆயர்கள் கண்டித்தார்கள், அவளை விடவேண்டி வந்தது. ராடெகுண்டா, இன்றைய ஜெர்மனியிலுள்ள தூரிங்கியாவின் இளவரசி. 531-ல் அவள் நாட்டை அழித்துச் சிறுமியாகத் தூக்கிவந்து வளர்த்துக் கட்டிக்கொண்டான். அவள் தம்பியையும் கொல்லவைத்த பிறகு அவள் கிளம்பிவிட்டாள். நுவாயோனில் ஆயர் மெதார் ராஜாவுக்குப் பயந்து தயங்கியபோது, தானே துறவி உடையை உடுத்திக்கொண்டு பலிபீடத்தின் முன் வந்து, கடவுளைவிட மனிதனுக்கா பயப்படுகிறீர் என்று கேட்டாள். பிறகு புவாத்தியேயில் மடம் கட்டி 587 வரை வாழ்ந்தாள்.

குளோத்தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 560-ல் கலகம் செய்த மகன் க்ராம்னை, அந்த மகனுடைய மனைவி, மகள்களோடு ஒரு குடிசையில் அடைத்துக் கொளுத்தச் செய்தான். அதன்பின் காணிக்கைகளோடு தூர் நகரத்துக்குப் போய், புனித மார்ட்டினின் கல்லறை முன் தன் செயல்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் புலம்பி மன்னிப்புக் கேட்டான். அடுத்த வருஷம் வேட்டையில் காய்ச்சல் கண்டு கொம்பியேனில் இறந்தான். நீங்கள் அவனுக்காக வாதாடுகிறீர்கள், அவன் தனக்காக வாதாடவில்லை.

கிரிகோரியின் வரலாற்றில் மூன்றாம், நான்காம் புத்தகங்களை நேரடியாகப் படியுங்கள், சுருக்கங்களை நம்பாதீர்கள். படித்த பிறகும் என்னோடு உடன்பாடு இல்லையென்றால் சண்டை போட்டே எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா