டொலர் ஆடும் காலத்தில் மெஷின் போடலாமா? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

கிளிநொச்சி, அரிசி ஆலை: கலர் சோர்ட்டருக்கு (நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் மெஷின்) 40,000 டொலர் கேட்கிறார்கள். டொலர் இறங்கும்வரை பொறுக்கவோ?

ஏறுமா இறங்குமா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முற்பணம் கட்டும் நாளுக்கும் மிச்சம் கட்டும் நாளுக்கும் இடையில்தான் ஆள் விழுவது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சம். மே நடுவில் 360. மார்ச்சில் விலையில் 30 வீதம், அதாவது 24 இலட்சம் முற்பணம் கட்டியவருக்கு மிச்சம் 56 இலட்சம். மேயில் அதே மிச்சம் 1 கோடியே 80 ஆயிரம். வங்கி ஒப்புக்கொண்ட கடனோ பழைய 56 இலட்சம்தான். ஓடரை விட்டால் முற்பணம் போகும். எடுத்தால் நெல் வாங்கக் காசிராது. மெஷினில் போட்ட காசைத் திருப்பி எடுக்கவும் ஏலாது. ஆட்டம் கூடும்போது ஆலைக்காரர் மெஷினை விட்டு நெல்லில் காசைப் போடுவது இதனால்தான்.

ஓடருக்கு முதலே வங்கியில் ‘போர்வேர்ட்’ விலை கேளுங்கள்: மூன்று மாதம் கழித்து வாங்கும் டொலருக்கு இன்றே விலை பேசுவது. இன்றைய விலை 300, வருட வட்டி ரூபாவுக்கு 8, டொலருக்கு 4 வீதம் என்றால், அந்த வித்தியாசத்தின் மூன்று மாதப் பங்கான 1 வீதம் கூடி 303 அளவில் வரும். வங்கியின் இலாபம் அதற்கு மேல். அந்த விலையிலும் கட்டுப்படியானால் வாங்குங்கள். மெஷின் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க வித்தியாசம் கட்ட நேரலாம். வங்கியிடமே டொலர் வற்றிய 2022 போன்ற காலத்தில் இது கைகொடுக்காது; சந்தை அமைதியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

வவுனியா: டொலர் கடனுக்கு வட்டி குறைவு. எடுக்கலாமா?

வருமானம் ரூபாவில் என்றால் வேண்டவே வேண்டாம். 1997 யூலையில் தாய்லாந்து தன் நாணயமான பாத்தை மிதக்கவிட்டது, அதாவது அதன் விலையைச் சந்தையிடம் விட்டது. டொலருக்கு 25 ஆக இருந்தது ஆறு மாதத்தில் 50ஐத் தாண்டியது. உள்ளூரில் விற்று டொலரில் கடன்பட்டிருந்த கொம்பனிகளின் கடன், ஒரு சதமும் புதிதாக வாங்காமலே இரட்டித்தது.

முல்லைத்தீவு: நாங்கள் நண்டு ஏற்றுமதி. டொலர் ஏறினால் இலாபம்தானே?

ஏறும்போது சரி. 360ஐ வைத்துக் கணக்குப் போட்டுக் குளிரறை கட்டியவருக்கு, 2023 நடுவில் 300ஐ ஒட்டி வந்தபோது டொலருக்கு 60 ரூபா குறைந்தது. கூட்டிய கூலியைக் குறைக்க முடியுமா? இன்றைய விலையில் 15 வீதம் கழித்தும் தவணை கட்ட முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

மல்லாவி: நான் இறக்குமதியே செய்வதில்லை. எனக்கென்ன?

வட்டி. ரூபா சரிந்தபோது, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான வட்டி) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவரின் தவணையும் கூடவே ஏறியது. நிலையான வட்டி கொஞ்சம் கூடுதலென்றாலும் அதையே கேளுங்கள்.

மாங்குளம்: கனடாத் தம்பி காசு போடுகிறார். எப்படி எழுதுவது?

பங்காக. கனடா டொலர்க் கடனென்றால் ரூபா சரியும் சுமை முழுதும் உங்கள் தலையில். காசு உள்முக முதலீட்டுக் கணக்கினூடாக வரட்டும்; இலாபத்தையும் முதலையும் பிறகு அவ்வழியே அனுப்பலாம். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறி, வந்த காசுக்கு அந்த வழி கிடையாது.