கூட்டணிக் கட்சியின் சின்னத்தில் நின்றோம். இப்போது எங்கள் கட்சியே பட்டியலில் இல்லை

கேள்வி: நான் குமாரபாளையம் பக்கம் விசைத்தறி நெசவாளர்களுக்காக நடத்தப்படும் ஒரு சிறு கட்சியின் பொதுச்செயலாளர். 2014-இல் பதிவு வாங்கினோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு தொகுதிகளில் தையல் இயந்திரம் சின்னத்தில் தனியாக நின்று டெபாசிட் இழந்தோம். 2021-இல் கூட்டணியில் ஒரு தொகுதி கிடைத்தது. எங்கள் பொருளாளர் கூட்டணித் தலைமைக் கட்சியின் சின்னத்தில் நின்று தோற்றார். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மூன்று கவுன்சிலர்கள் ஜெயித்தார்கள். இப்போது, ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்கவில்லை என்று சொல்லித் தேர்தல் ஆணையம் எங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆணை வந்து 12 நாள் ஆகிறது. நோட்டீஸ் எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. கட்சி போய்விட்டதா? கவுன்சிலர் பதவிகளுக்கு ஆபத்தா? அங்கீகாரம் வாங்க வழியே இல்லையா?

பதில்: முதலில் நாளை எண்ணுங்கள். நீக்கல் ஆணைக்கு எதிராக ஆணையத்திடமே மேல்முறையீடு செய்ய ஆணை தேதியிலிருந்து 30 நாள் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு 18 நாள் மிச்சம். செயற்குழுவைக் கூட்டி விவாதிப்பதெல்லாம் அப்புறம். மனு முதலில் போகட்டும்.

கவுன்சிலர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர்கள் வார்டு மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். கட்சி பட்டியலிலிருந்து போனதால் பதவி போகாது. கட்சியும் கலைந்துவிடவில்லை. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. கொடி கட்டலாம், கூட்டம் போடலாம். போனது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவில் கிடைத்த பதிவும் அதோடு வரும் சலுகைகளும்தான்: நன்கொடை பெறும் தகுதி, வருமான வரி விலக்கு, சின்ன ஒதுக்கீட்டில் சுயேச்சைகளுக்கு முன்பாகக் கிடைக்கும் இடம். இப்படியே விட்டால் அடுத்த தேர்தலில் உங்கள் வேட்பாளர் சுயேச்சை.

இனி மூல விஷயத்துக்கு வருகிறேன். "நாங்கள்தான் நின்றோமே" என்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் நியாயமானது. வெயிலில் தெருத்தெருவாக நடந்தது உங்கள் தொண்டர்கள்தான். ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 13-ஆவது பத்தியின்படி, ஒரு கட்சியின் வேட்பாளர் என்றால் அவர் அந்தக் கட்சியின் உறுப்பினராக, அதன் உறுப்பினர் பட்டியலில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். இவர் எங்கள் வேட்பாளர் என்று காட்டும் ஏ, பி படிவங்களை அந்தக் கட்சியே அவருக்குத் தர வேண்டும். உங்கள் பொருளாளர் 2021-இல் எந்தக் கட்சியின் படிவத்தைக் கொடுத்தாரோ, அந்தக் கட்சிக்காரராகத்தான் நின்றார். அவர் வாங்கிய ஒவ்வொரு ஓட்டும் அந்தக் கட்சியின் கணக்கில் ஏறியது. ஜெயித்திருந்தால் அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கும் கட்டுப்பட வேண்டியிருந்திருக்கும்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2025 ஆகஸ்ட் 9-இல் 334 கட்சிகளை நீக்கினார்கள், செப்டம்பரில் இன்னும் 474. அந்த இரண்டாவது பட்டியலில் மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியும் இருந்தன. சட்டமன்றத்தில் ஆள் இருந்த கட்சிகள்! அவர்கள் 2021-இல் உதயசூரியனில் ஜெயித்தவர்கள் என்பதால் ஆணையத்தின் ஏட்டில் அது தி.மு.க. வெற்றி.

உள்ளாட்சித் தேர்தலும் கைகொடுக்காது. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இந்தியத் தேர்தல் ஆணையம் பார்ப்பது தான் நடத்தும் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களையும் இடைத்தேர்தல்களையும் மட்டும். மூன்று கவுன்சிலர்கள் இருப்பது கட்சி உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. மேல்முறையீட்டில் அதை அவசியம் எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

அடுத்தது நோட்டீஸ். நீங்கள் அனுப்பிய நகல்களில், ஆணையத்தின் நோட்டீஸ் வந்து திரும்பிப்போன கவரின் நகலையும் பார்த்தேன். பழைய அலுவலக முகவரியின் மேல் தபால்காரர் பேனாவால் ஒரு கோடு இழுத்து, "வீடு காலி, முகவரி தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். 2020-இல் அலுவலகத்தை மாற்றினீர்கள், ஆணையத்துக்குத் தெரிவித்தீர்களா? தெரிவித்ததற்கான கடிதம் உங்கள் ஃபைலில் இல்லை. தலைமை அலுவலகமோ நிர்வாகிகளோ மாறினால் தாமதமில்லாமல் எழுத வேண்டும் என்று 29-ஏ பிரிவே சொல்கிறது. ஆக, "விசாரணைக்கு வாய்ப்புத் தரவில்லை" என்ற வாதம் நமக்கு இருக்கிறது, ஆனால் பாதிப் பலத்தோடுதான். நேர்மையாக எழுதுங்கள்: முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காதது எங்கள் தவறு, கட்சி செயல்பட்டுக்கொண்டிருக்கிறது, எங்களை ஒருமுறை கேளுங்கள். புது முகவரிக் கடிதத்தை இன்றே பதிவுத் தபாலில் டெல்லிக்கும், சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்ள தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் அனுப்பி, ரசீதை மனுவோடு இணையுங்கள்.

மேல்முறையீடு தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே நமக்குப் பிடிமானம் உண்டு. பந்த் நடத்தும் கட்சிகளின் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று கேரளத்தில் கிளம்பிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002-இல் வந்த தீர்ப்பு, ஒருமுறை பதிவு செய்த கட்சியின் பதிவைப் பறிக்கச் சட்டம் ஆணையத்துக்கு அதிகாரம் தரவில்லை என்றது. விலக்குகள் மூன்றுதான்: மோசடி செய்து பதிவு வாங்கியது, அரசியல் சட்டத்தின் மீதான பற்றுறுதியைக் கட்சியே கைவிட்டது, கட்சி சட்டவிரோதம் என்று அறிவிக்கப்படுவது போன்ற நிலை. "தேர்தலில் நிற்கவில்லை" என்பது இவற்றில் நேரடியாக இல்லை. ஆணையமோ, தேர்தலில் நிற்போம் என்று நீங்களே உங்கள் கட்சி விதியில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று சொல்லும். என் பார்வையில் 2002 தீர்ப்பு நம் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் வழக்கு முடிவதற்குள் ஒரு தேர்தல் கடந்துபோகலாம். அதனால்தான் முதலில் மேல்முறையீடு என்கிறேன்.

ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்கிறீர்களா? தணிக்கை செய்த கணக்கை ஒவ்வோர் ஆண்டும் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். ஒருவரிடம் 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய நன்கொடைக்குத் தனி அறிக்கை உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வரி விலக்கு போய்விடும். தேர்தலில் நின்றால் செலவுக் கணக்கும் வேண்டும்: சட்டமன்றத் தேர்தல் என்றால் 75 நாளுக்குள், மக்களவை என்றால் 90 நாளுக்குள். தேர்தலில் நின்றும் மூன்று ஆண்டுக் கணக்கைத் தராத 359 கட்சிகள் மீது 2025-இல் தனியாக நடவடிக்கை தொடங்கினார்கள். ஒரு வாசலில் தப்பி மறு வாசலில் மாட்டாதீர்கள். ஆடிட்டரிடம் இந்த வாரமே உட்காருங்கள்.

சரி, அங்கீகாரம். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு என்பது ஆணையத்தின் பட்டியலில் பெயர் இருப்பது, அங்கீகாரம் என்பது ஓட்டும் இடமும் வாங்கி மாநிலக் கட்சி என்ற தகுதியைப் பெறுவது. மாநிலக் கட்சி ஆக ஐந்து வழிகள் இருக்கின்றன. சட்டமன்றத் தேர்தலில் 6 விழுக்காடு ஓட்டும் இரண்டு எம்.எல்.ஏ.வும், மக்களவைத் தேர்தலில் மாநிலத்தில் 6 விழுக்காடு ஓட்டும் ஒரு எம்.பி.யும், சட்டமன்ற இடங்களில் 3 விழுக்காடு அல்லது மூன்று இடம், இவற்றில் எது அதிகமோ அது, மாநிலத்தின் மக்களவை இடங்களில் 25-க்கு ஒன்று, அல்லது எந்த இடமும் ஜெயிக்காமல் 8 விழுக்காடு ஓட்டு.

நாம் தமிழர் கட்சி கடைசி வழியில் வந்தது. 2021-இல் 6 விழுக்காட்டைத் தாண்டியும் ஓர் இடம்கூட இல்லாததால் அங்கீகாரம் வரவில்லை. 2024-இல் 8-ஐத் தாண்டியதும் வந்தது.

உங்களுக்குப் பாடம் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியிடம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 39 மக்களவை இடங்கள். 25-க்கு ஒன்று, மீதி 14-க்கு ஒன்று, ஆக இரண்டு எம்.பி. போதும். 2019-இலேயே அவர்களில் இருவர் ஜெயித்தார்கள். திருமாவளவன் சிதம்பரத்தில் தங்கள் கட்சி சார்பில் பானைச் சின்னத்தில் நின்றார், ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றார். கணக்கில் ஏறியது ஒன்றுதான். 2024-இல் அதே இருவர், அதே தொகுதிகள், இரண்டிலும் பானை. அங்கீகாரம் வந்தது.

அதனால் அடுத்த முறை கூட்டணிப் பேச்சில் எத்தனை சீட் என்று கேட்பதற்கு முன் எந்தச் சின்னம் என்று கேளுங்கள். அறிமுகமான சின்னத்தில் நின்றால் ஜெயிக்கலாம் என்று பெரிய கட்சி சொல்வது பொய்யில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது உங்கள் கட்சி. எல்லாத் தொகுதியிலும் ஒரே பொதுச்சின்னம் வேண்டுமென்றால் குறைந்தது 5 விழுக்காடு, அதாவது 12 சட்டமன்றத் தொகுதிகளில் நிற்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் ம.தி.மு.க. திருச்சியில் மட்டும் நின்றதால் அதன் வழக்கமான பம்பரம் சின்னம் கிடைக்கவில்லை. துரை வைகோ தீப்பெட்டியில் நின்று ஜெயித்தார். உங்களால் 12 முடியாது என்றால் பரவாயில்லை. பதிவு திரும்பக் கிடைத்ததும் ஒரே ஒரு தொகுதியிலாவது உங்கள் பி படிவத்தில், கிடைக்கும் சின்னத்தில் ஒருவரை நிறுத்துங்கள். பதிவைக் காக்க அது போதும்.

அங்கீகாரம் இல்லாத கட்சி வேட்பாளருக்கு, தொகுதி வாக்காளர்களில் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். பி படிவம் மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியின் கையில் இருக்க வேண்டும். அதில் மையால் போட்ட கையெழுத்துதான் செல்லும். ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. உங்கள் தலைவர் அடிக்கடி சூரத் போய்வருகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு படிவங்களிலும் அவர் கிளம்புவதற்கு முன்பே கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.